120 நாள் காத்திருந்த பனங்கிழங்கு: என் மகள் படித்த யு.கே.ஜி. எப்படி?

பாளையங்கோட்டையில் தையல்கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிற அம்மாக்கள் கடையில் சின்னப் பிள்ளையைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "பாப்பாவ எங்க சேத்திருக்கிய? நல்லா சொல்லிக் குடுக்காங்களா?" என்பதுதான். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி முடியாது. மகள் 2024 ஜூனில் சேர்ந்து 2025 ஏப்ரலில் யு.கே.ஜி.யை முடித்தாள். ஒரு வருடம் முழுக்கப் பார்த்துவிட்டேன், நல்லது கெட்டது இரண்டும் தெரியும், அதனால் எழுதுகிறேன். எல்.கே.ஜி., யு.கே.ஜி. மட்டும் உள்ள சின்னப் பள்ளி அது. பெயரை இங்கே போடவில்லை. நேரில் கேட்டால் சொல்கிறேன்.

பள்ளியை ஏன் மாற்றினோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எல்.கே.ஜி. வேறொரு இடத்தில் படித்தாள். அந்த வகுப்புச் சுவரில் நான்கு பருவங்களின் படம் இருந்தது: வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம். 2023 டிசம்பரில் அட்டையில் பஞ்சு ஒட்டிப் பனிமனிதன் செய்து வரச் சொன்னார்கள். கடையிலிருந்த தலையணைப் பஞ்சை எடுத்து, ராத்திரி பத்து மணிக்கு நான்தான் ஒட்டினேன். அந்த வாரம்தான் வெள்ளம் வந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளைத் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். அப்போது நாங்கள் ஜங்ஷன் பக்கம் குடியிருந்தோம். தாமிரபரணித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. நனையக்கூடாது என்று அலமாரி மேல் வைத்திருந்த அந்தப் பனிமனிதன் அப்படியே இருந்தது. கீழே எனக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மச்சு ஏறினோம்.

பள்ளி திறந்த பிறகு ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "யம்மா, நம்ம வீட்ல வெள்ளம் வந்துச்சுல்லா, அது எந்த சீசன்?" மிஸ்ஸிடமும் கேட்டிருக்கிறாள். வின்டர் என்று எழுதச் சொன்னார்களாம். அந்தப் படத்தில் வின்டர் என்றால் வெள்ளைப் பனி. அவள் பார்த்ததோ செம்மண் நிறத்தில் ஓடிய தண்ணீர். தான் பார்த்ததற்கு அந்தச் சுவரில் இடமே இல்லை என்று நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குத்தான் வேறு பள்ளி தேட ஆரம்பித்தேன்.

புதிய பள்ளிக்கு முதல்முறை போனபோது வகுப்பில் நான்கு பருவப் படம் இருக்கிறதா என்றுதான் தேடினேன். இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சுவர் நீளத்துக்குப் பழுப்புத்தாள் ஒட்டி, பன்னிரண்டு கட்டம் போட்டு, சித்திரை முதல் பங்குனி வரை எழுதியிருந்தார்கள். கட்டங்கள் காலியாக இருந்தன. அந்தந்த மாதம் வெளியே என்ன கிடைக்கிறதோ, குழந்தைகள் என்ன கொண்டு வருகிறார்களோ, அதை ஒட்டி நிரப்புவோம் என்றார் மிஸ். பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் ஒரு விஷயம் சொன்னார். 1837-இல் ஜெர்மனியில் ஃப்ரோபெல் இந்த மாதிரிப் பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்கு வைத்த 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயருக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருளாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு துண்டு மண் கொடுத்திருக்கிறார். நாமும் நாள்தோறும் கே.ஜி., கே.ஜி. என்று சொல்கிறோம், அந்த எழுத்துக்குள்ளே ஒரு தோட்டம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனியில் ஆரம்பித்தார்கள். கட்டத்தில் முதலில் ஏறியது நாவல் இலை. அந்த வாரம் எல்லாப் பிள்ளைகளின் நாக்கும் ஊதாவாக இருந்தது. அடுத்து ஆடிக்காற்று. நம் ஊரில் அந்த மாதம் துணி காயப்போட்டால் கொடியோடு பறக்கும். பனையோலைக் கீற்றை மடித்துக் காற்றாடி செய்தார்கள். நடுவில் குத்துவதற்கு எங்கள் காலத்தில் உடைமுள் எடுப்போம், இங்கே ஈர்க்குச்சி. ஓலையை இரண்டாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, இறுக்கி இழுக்க வேண்டும். இழுவை கூடினால் ஓலை கிழியும், குறைந்தால் அவிழும். மகள் நாலு ஓலையைக் கிழித்துவிட்டு ஐந்தாவதில் பிடித்துவிட்டாள். கை வேலையில் பிழைக்கிறவள் நான். துணி எவ்வளவு இழுபடும் என்று விரலுக்குத் தெரிந்தால்தான் தையல் நேராக வரும், அதை வாயால் யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியாது. அந்த ஐந்தாவது ஓலையில் அவள் விரல் நின்று யோசித்ததைப் பார்த்தபோது கட்டிய ஃபீஸ் வீணில்லை என்று தோன்றியது.

அதே ஆடியில் முளைப்பாரியும் போட்டார்கள். இரண்டு சிரட்டையில் மண் நிரப்பி, ஊறவைத்த பாசிப்பயறைத் தூவி, ஒன்றை ஜன்னலிலும் ஒன்றை அட்டைப்பெட்டிக்குள்ளும் வைத்தார்கள். ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்ததுதான் உயரம். மெலிந்து, வெளிர்மஞ்சளாக, ஜன்னல் பயிரைவிட எவ்வளவோ வளர்ந்திருந்தது. பெட்டிதான் ஜெயித்தது என்று வகுப்பே கைதட்டியிருக்கிறது. மிஸ் திருத்தவில்லையாம். இரண்டையும் சேர்த்து ஜன்னலில் வைத்துவிட்டு, தினமும் பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மஞ்சள் பயிர் இரண்டு நாளில் பச்சை பிடித்தது, ஆனால் தண்டு நிற்கமாட்டாமல் சாய்ந்துவிட்டது. வெளிச்சத்தைத் தேடித்தான் அது அப்படி நீண்டது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்களாம். அந்த மாதம் அம்மன் கோயில் கொடையில் ஒரு ஆச்சி தலையில் முளைப்பாரியோடு நின்றார். இவள் போய், "ஆச்சி, இத இருட்டுக்குள்ளயா வச்சிருந்திய?" என்று கேட்டாள். "ஆமாட்டி, ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் குனிந்து இவள் முகத்தைப் பார்த்தார்.

இனி பனங்கொட்டை. இந்தப் பள்ளியைப் பற்றி என்னிடம் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் வந்தது: நாளைக்கு ஆளுக்கு ஒரு பனம்பழம் கொண்டு வரவும். அந்த நேரத்தில் பனம்பழத்துக்கு எங்கே போவது? இதை அப்போதே பள்ளியில் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன்: இரண்டு நாள் முன்னால் சொல்ல வேண்டும். மகளின் தாத்தா, என் மாமனார், உடன்குடிப் பக்கத்துக்காரர், பனையோடு வளர்ந்தவர். "பனங்கொட்டையப் பொதைக்கதுக்கா ரூவா கெட்டிப் படிக்க வைக்கிய?" என்று கேட்டார். கேட்டாலும் விடிகாலையில் சைக்கிளில் போய் நாலு பழம் கொண்டுவந்து வைத்தார்.

வகுப்பில் பழத்தைப் பிதுக்கிக் கொட்டையைத் தனியே எடுக்க விட்டார்கள். முழங்கைவரை மஞ்சள், நார் நாராகப் பல்லிடுக்கில், வேனில் ஏறிய பிறகும் அந்த வாசம். வெள்ளைச் சட்டையில் விழுந்த கறை இன்றுவரை போகவில்லை; துணிக்காரி சொல்கிறேன், அது போகாது. பழைய சட்டை போட்டு அனுப்பச் சொல்லியிருக்கலாம். 26 பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு வீதம் 52 கொட்டை. பள்ளியின் பின்பக்கம் மணலைக் கூட்டி மேட்டுப்பாத்தி போட்டு, 2024 செப்டம்பர் 12 அன்று கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மண் மூடினார்கள். பாத்தி எவ்வளவு உயரம், எவ்வளவு மணல் என்று பக்கத்தில் நின்று சொன்னது யாரென்றால், அதே மாமாதான்.

பாத்தியில் மேலே எதுவுமே தெரியாது. மற்ற விதையென்றால் நாலு நாளில் பச்சை எட்டிப் பார்க்கும். பனை அப்படியில்லை, முளை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும். கொட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு தண்டு மண்ணுக்குள்ளேயே போய், அதன் அடியில்தான் கிழங்கு பிடிக்கும். அஞ்சு வயதுப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் வெறும் மணலைக் காட்டி, உள்ளே நடக்கிறது என்று நம்பச் சொல்வது லேசான காரியமா? இரண்டாம் வாரமே ஒரு பையன் தன் கொட்டையைத் தோண்டி எடுத்துவிட்டான். மிஸ் அவனைத் திட்டவில்லை. அவனுடையதோடு இன்னும் சில கொட்டைகளைத் தனியாகப் புதைத்து, அதற்குப் 'பார்க்கிற கொட்டை' என்று பெயர் வைத்துவிட்டார். வாரம் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம், மற்றதைத் தொடக்கூடாது. பிள்ளைகள் கடைசிவரை அந்த ஒப்பந்தத்தை மீறவில்லை.

பின்னால் ஒரு வாரம் எடுத்ததை அரிவாளால் வெட்டிக் காட்டினார்கள். உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி, இனிப்பாக இருக்கிற தவுனை ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, "கொட்டைக்குள்ள கேக் இருந்துச்சும்மா" என்றாள். தாத்தா அன்று சாயந்தரம் அவளை மடியில் வைத்துக்கொண்டு, சின்ன வயதில் தவுனுக்காக எத்தனை கொட்டை வெட்டினோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நாளைக் கணக்கு வைக்க வகுப்பில் ஒரு தகரடப்பா. தினமும் காலையில் ஒருவர் ஒரு ஈர்க்குச்சி போட வேண்டும். திங்கட்கிழமை மூன்று. காலாண்டு விடுமுறை முடிந்து வந்த அன்று எத்தனை போட வேண்டும் என்று அரைமணி நேரம் வாதம் நடந்ததாம். பத்து சேர்ந்தால் நூலால் ஒரு கட்டு. நூறாம் நாள் சனிக்கிழமையில் வந்ததால் திங்களன்று பத்துக் கட்டையும் தரையில் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். என் மகளுக்கு நூறு என்பது கையால் தூக்கிப் பார்த்த கனம். அவளைவிட இரண்டு வயது மூத்த என் அண்ணன் மகன் நூறுவரை ஒப்பிப்பான், நாற்பதையும் இருபதையும் கூட்டச் சொன்னால் விரலைப் பார்ப்பான். இவள் 'நாலு கட்டு, ரெண்டு கட்டு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

ஐப்பசியில் மழைமானி. ஒரு பெரிய பாட்டிலின் கழுத்தை வெட்டி, வெட்டிய பாகத்தைத் தலைகீழாக அதன் வாயிலேயே செருகிப் புனலாக்கினார்கள். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும், அளவு தப்பும். அதனால் கூழாங்கல் போட்டு, ஒரு கோடுவரை தண்ணீர் ஊற்றி, அதைப் பூஜ்யம் என்று வைத்தார்கள். அளவு ஒட்டுவதற்கு மகள் கடையிலிருந்த என் பழைய டேப்பைக் கேட்டாள். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். நான் அங்குலத்தில் பிழைக்கிறவள். மழையைச் சென்டிமீட்டரில் அளப்பார்கள் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். டேப்பை வெட்டிக் கொடுத்தேன்.

மழையைப் பற்றி அவளுக்குள் பயம் இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு தூறல் விழுந்தாலே அலமாரியைப் பார்ப்பாள். சேர்க்கும்போது இதை மிஸ்ஸிடம் சொல்லியிருந்தேன். அவர், பயப்படாதே என்று ஒருநாளும் சொல்லவில்லை. காலையில் பாட்டிலைப் பார்த்து அளவு எழுதும் வேலையை அந்த மாதம் இவளுக்கே கொடுத்துவிட்டார். 'இன்று 2', 'இன்று அரை', 'இன்று ஒன்றுமில்லை.' கார்த்திகை வரும்போது வீட்டில் மழைச்சத்தம் கேட்டால், "இது மூணு சென்டி இருக்கும்மா" என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஒருநாள் வகுப்பில், வெள்ளத்தன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று மிஸ் சொல்லி, சுவரில் 95-க்குக் கோடு போட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார். என் மகளுக்கு அது கழுத்துக்குக் கீழே வந்தது. எனக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்தது, பயந்துவிட மாட்டாளா என்று போய்க் கேட்டேன். "அவங்க பாத்த தண்ணி எம்புட்டுன்னு தெரியாமத்தாம்மா பயப்படுதாங்க" என்றார். அன்று எனக்கு அது முழுக்கப் பிடிபடவில்லை.

2024 டிசம்பர் நடுவில் மறுபடி கனமழை கொட்டியது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். ராத்திரி என்னைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவள் கேட்டது இரண்டே கேள்விதான். பாட்டில் நிரம்பியிருக்குமா? கொட்டையெல்லாம் அழுகியிருக்குமா? அலமாரியைப் பார்க்கவில்லை. பள்ளி திறந்தபோது பாட்டில் நிரம்பி வழிந்து கிடந்தது, அளவு எழுத எண் இல்லை. அழுகிற முகத்தோடு நின்றவளிடம் மிஸ், "கண்ணுல பாத்தத எழுது" என்றிருக்கிறார். அந்தத் தேதிக்கு நேரே அவள் கையெழுத்தில் 'நிரம்பி வழிந்தது' என்று இருக்கிறது. 'ழி'க்கு மேல் சுழி மாறிப்போயிருக்கிறது. அந்தத் தாளை வாங்கி வைத்திருக்கிறேன்.

மார்கழியில் அரிசிமாவுக் கோலம், ஐந்து புள்ளி ஐந்து வரிசை. மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரே சீராக விடுவதும் பென்சில் பிடிப்பதும் ஒரே விரல்வேலைதான் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. கோலத்துக்கு வந்த எறும்பு எந்தப் புள்ளியிலிருந்து மாவு எடுக்கிறது என்று படுத்துக்கொண்டு பார்த்த படம் ஒன்று குழுவில் வந்தது. நன்றாக இருந்தது.

2025 ஜனவரி 10, பன்னிரண்டாவது கட்டும் கட்டியாயிற்று, 120 நாள். பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றார். பக்கத்து மண்ணை அவர் இளக்கிக் கொடுக்க, பிள்ளைகள் கையால் பறித்து இழுத்தார்கள். மகளுடைய முதல் கொட்டை அழுகிப் போயிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். இரண்டாவதில் ஒரு முழ நீளத்துக்குக் கிழங்கு. மொத்தம் 41 வந்தது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, நாரைக் கிழித்து, ஒடித்துத் தின்றோம். கிழங்கு வராத பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பிள்ளைகள் பாதி ஒடித்துக் கொடுத்தார்கள்.

இனி குறைகள். 26 பிள்ளைகளுக்கு ஒரு மிஸ், ஓர் ஆயாம்மா. அது போதாது, கைவேலை நடக்கும் நாட்களில் பின்வரிசைப் பிள்ளைகள் வெறுமனே உட்கார்ந்திருப்பதை நானே பார்த்தேன். கூட இன்னொருவர் கட்டாயம் வேண்டும். பொங்கல் விழா எனக்குப் பிடிக்கவில்லை. வருடம் முழுக்கப் பிள்ளைகளைச் செய்யவிட்டவர்கள் அன்றைக்குப் பெரியவர்களே பானை வைத்து, பெரியவர்களே கோலம் போட்டு, பிள்ளைகளைப் பட்டுப்பாவாடையில் போட்டோவுக்கு நிற்க வைத்தார்கள். பெற்றோர் சிலர் கேட்டுக்கொண்டதால்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். செய்திருக்க வேண்டாம். நம் வருடத்தின் ருசியான பகுதியான நுங்கு, வேப்பம்பூ, மாங்காய் எல்லாம் கோடைவிடுமுறையில் போய்விடுகிறது. சித்திரை, வைகாசிக் கட்டங்கள் காலியாகவே இருந்தன. நுங்குக்கூந்தலில் வண்டி செய்ய அவளுக்கு நாங்கள்தான் வீட்டில் சொல்லிக் கொடுத்தோம். மழைநாளில் மாற்றுத்துணி கேட்டு வாங்கி வைக்கவில்லை, இரண்டு முறை நனைந்த காலுறையோடு வந்து சளி பிடித்தது.

ஃபீஸ் வருடத்துக்கு 28,000, கைவேலைப் பொருளுக்கு 2,400. பொருளெல்லாம் ஓலை, சிரட்டை, மணல், கொட்டை என்று வீட்டிலிருந்து போனவைதான். அந்த 2,400-க்குக் கணக்குக் கேட்டேன், பெயிண்டும் தாளும் என்றார்கள். எனக்கு அது கூடுதலாகவே படுகிறது. என் நாத்தனார் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். பாத்திக் கதையைக் கேட்டுவிட்டு இந்த ஆவணியில் அவரும் மாமாவைக் கூப்பிட்டு முப்பது கொட்டை புதைத்திருக்கிறார். செலவு ஒன்றுமில்லை, வேலிப்பக்கம் கொஞ்சம் மணல் இருந்தால் போதும்.

ஆங்கிலம்? கேட்பார்கள் என்று தெரியும். பேசுகிறாள், வாசிக்கிறாள், கூட்டெழுத்து இன்னும் வரவில்லை. ஒன்றாம் வகுப்பு மிஸ் அதைக் குறையாகச் சொன்னார், இரண்டு மாதத்தில் பிடித்துக்கொண்டாள்.

சேர்க்க நினைப்பவர்கள் அலுவலக அறையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் போய்ப் பாருங்கள். குழாய்க்குப் பக்கத்தில் செங்கல் சுற்றி வைத்த மணல்மேடு ஒன்று இருக்கும், மேலே ஒன்றும் தெரியாது. இந்த வருடத்துப் பிள்ளைகளின் கொட்டை உள்ளே இருக்கிறது, மிதித்துவிடாதீர்கள்.